ஐஸ் தண்ணீரில் ஒரு ரப்பர் துண்டு: ஃபைன்மேன் வாத்தியாரின் கடைசி பத்து வருஷம்

ரிச்சர்ட் ஃபைன்மேன் என்றதும் நம்மில் பலருக்கு நோபல் பரிசும் பாங்கோ டிரம்மும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் வேற. அவருடைய கடைசி பத்து வருஷம். இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன்.

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருக்கும் கால்டெக்கில் அவர் இயற்பியல் பேராசிரியர். 1961 முதல் 1963 வரை அங்கே புதுசா சேர்ந்த மாணவர்களுக்கு அவர் எடுத்த வகுப்புகள்தான் பின்னாடி மூன்று தொகுதிகளாகப் புத்தகமாச்சு. 1965-ல் நோபல் கிடைத்தது. அவர் நடத்திய இன்னொரு வகுப்பின் பேர் 'ஃபிசிக்ஸ் எக்ஸ்'. அதுக்கு மார்க் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. மாணவர்கள் என்ன வேணும்னாலும் கேட்கலாம்.

1978-ல் அவர் வயிற்றில் ஒரு பெரிய கட்டி இருப்பது தெரிந்தது. அரிதான ஒரு வகைப் புற்றுநோய். அது ஏற்கெனவே ஒரு சிறுநீரகத்தையும் மண்ணீரலையும் நசுக்கிவிட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து மறுபடி வகுப்புக்கு வந்தார். 1981-ல் நோய் திரும்பி வந்தது. இன்னொரு பெரிய ஆபரேஷன். அதுக்கப்புறமும் வகுப்புக்குப் போனார்.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனவர். பல பள்ளிகளில் மாணவர்கள் அதை டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக் குழுவில் சேரச் சொல்லி ஃபைன்மேனுக்கு அழைப்பு வந்தது. வாஷிங்டன் பக்கமே போகப் பிடிக்காதவர், உடம்பும் சரியில்லை. தயங்கினார். மனைவி க்வெனத்துதான் போகச் சொன்னார். மத்தவங்க எல்லாரும் கூட்டமா ஒரே இடத்துக்குப் போவாங்க, நீங்க ஒருத்தர்தான் தனியா அலைஞ்சு தேடுவீங்க என்பது அவர் வாதம்.

அது அப்படியே நடந்தது. பிப்ரவரி 11, டிவி கேமராக்கள் முன்னால், ராக்கெட் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் ரப்பரில் ஒரு துண்டை இறுக்கிப் பிடித்து ஐஸ் தண்ணீரில் போட்டார். வெளியே எடுத்துப் பிடியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஓடம் கிளம்பிய காலையில் ஃப்ளோரிடாவில் கடும் குளிர். வேற விளக்கம் தேவைப்படவில்லை.

இதில் ஒன்றை நேர்மையா சொல்லிடணும். குளிரைப் பற்றிய துப்பு அவருக்கு மற்றவர்கள் மூலமாகத்தான் கிடைத்தது. ராக்கெட்டைத் தயாரித்த கம்பெனியின் பொறியாளர்கள் முந்தின இரவே எச்சரித்தார்கள், யாரும் கேட்கவில்லை. ஃபைன்மேன் செய்தது, அதை எல்லாருக்கும் புரிய வைத்தது. வாத்தியார் வேலை.

அதோடு நிறுத்தலை. விபத்துக்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்றது நாசா நிர்வாகம். நூற்றில் ஒன்று என்ற அளவில் மதிப்பிட்டார்கள் பொறியாளர்கள். இந்த இடைவெளியை அவர் தனியாக எழுதினார். அதைச் சேர்க்காவிட்டால் அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். கடைசியில் அது பின்னிணைப்பாகச் சேர்ந்தது.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு ஆபரேஷன், அடுத்த அக்டோபரில் இன்னொன்று. 1988 பிப்ரவரியில் மிச்சமிருந்த சிறுநீரகமும் செயலிழந்தது. டயாலிசிஸ் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அதுக்குச் சில வாரங்கள் முன்னாடி வரைக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். பிப்ரவரி 15 அன்று இறந்தார். வயது 69.

கால்டெக் மாணவர்கள் நூலகக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து ஒரு பெரிய பேனரைத் தொங்கவிட்டார்கள். 'டிக், உங்களை நேசிக்கிறோம்' என்று எழுதியிருந்தது. டிக் என்பது ரிச்சர்டின் செல்லப் பெயர். நோபல் வாங்கினவரைப் பசங்க அப்படிக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அந்த ஐஸ் தண்ணீர் டம்ளரைவிட இந்த பேனர்தான் மனசுல நிக்குது. உங்களுக்கும் அப்படி ஒரு வாத்தியார் இருந்தா, இன்னைக்கே ஒரு போன் பண்ணிப் பேசுங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.