இரு காய்ச்சல்களும் ஒரு சிறையும்

1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டச் சிறையிலிருந்து ஒரு கைதி சான் குவென்ரினுக்குக் கொண்டுவரப்பட்டார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடகரையில் 1852இல் தொடங்கப்பட்ட, கலிபோர்ணியாவின் மிகப் பழைய சிறை அது. புறப்படும்போதே அவருக்குச் சுகமில்லை. அவர் விட்டுவந்த சிறையிலும் பலர் காய்ச்சலில் கிடந்தார்கள். ஆயினும் அவரைத் தனியே வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. சுமார் 1,900 பேர் உலாவிய முற்றத்தில் அவரும் உலாவினார். அவர்களுடன் ஒரே மண்டபத்தில் உண்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடும் நெருக்கியடித்துக்கொண்டு படம் பார்த்தார். சில நாட்களுக்குள் சிறையின் ஏறக்குறைய அரைவாசிப் பேர் நோயில் விழுந்தார்கள். 101 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். மூவர் இறந்தார்கள்.

இவ்வளவு துல்லியமாக இதை நாம் அறிவது சிறையின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த லியோ ஸ்ரான்லி எழுதிவைத்த குறிப்பினாலேயாகும். அக்குறிப்பு 1919இல் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் சஞ்சிகையில் வெளிவந்தது. 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயரிடப்படுவதற்கு முன்பே அந்நோய் அமெரிக்காவில் உலாவியதற்கான ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதனை இன்றும் எடுத்தாள்கிறார்கள். அவ்வாண்டு ஒக்ரோபரிலும் நவம்பரிலும் நோய் மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கொண்டுவரப்பட்ட ஒருவரோடு உள்ளே நுழைந்ததை ஸ்ரான்லி பதிவு செய்தார். ஞாயிறு படக்காட்சிக்குப் பிறகு வரும் செவ்வாயும் புதனும் நோயாளர் தொகை ஏறுவதையும் அவதானித்தார்.

சிறை ஒரு தொற்றுநோயியலாளனுக்கு வாய்ப்பான இடம். எவர் எப்போது வந்தார், எங்கு உண்டார், எவரருகில் படுத்தார் என்பதெல்லாம் ஏட்டில் உண்டு. வெளியுலகில் காற்றோடு காற்றாகத் தப்பிவிடும் கிருமி, மதிலுக்குள் தன் காலடித் தடத்தை விட்டுச் செல்கிறது. ஸ்ரான்லி அத்தடத்தைச் சரியாகவே படித்தார்.

ஆனால் எந்தக் கண்ணால் படித்தார் என்ற கேள்வி இருக்கிறது. 1913இலிருந்து 1951 வரை, போர்க்கால இடைவெளி நீங்கலாக, அச்சிறையின் வைத்தியம் அவர் கையில் இருந்தது. இன்புளுவென்சாக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த அதே 1918இலேயே அவர் இன்னொரு வேலையையும் தொடங்கியிருந்தார். தூக்கிலிடப்பட்ட கைதிகளின் விதைகளை எடுத்து உயிரோடிருக்கும் கைதிகளுக்குப் பொருத்துவதே அவ்வேலை. பின்னர் ஆடு முதலிய விலங்குகளின் விதைத் திசுக்களை ஊசிமூலம் ஏற்றினார். இப்படி ஆயிரக்கணக்கான தடவைகள் செய்யப்பட்டது. இளமையை மீட்கலாம், குற்றமனத்தைக்கூடத் திருத்தலாம் என்பது நம்பிக்கை. இனமேம்பாட்டுவாதத்தில் ஊறியிருந்த அவர் கைதிகளுக்குக் கருத்தடை செய்வதையும் ஊக்குவித்தார். அவர்கள் சம்மதித்துத்தான் வந்தார்கள் என்றார். சாவியை வைத்திருப்பவன் கேட்க, பூட்டப்பட்டவன் கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஸ்ரான்லியை ஒரு பூதமாகக் காட்டி ஒதுக்கிவிடுவது இலகு. அவர் தன் காலத்தின் மரியாதைக்குரிய வைத்தியர், கெட்டிக்காரரும்கூட. நான் சொல்ல வருவது வேறு. காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்ற அறிவு சான் குவென்ரினில் 1919இலேயே இருந்தது. கைதியின் உடலிலிருந்தே அது பெறப்பட்டது. ஆனால் அந்த அறிவின்மீது கைதிக்கு எந்த உரித்தும் இருக்கவில்லை. நோயைப் பற்றிய சாட்சியாக அவன் இருந்தான். சிகிச்சையைக் கேட்கும் உரிமையாளனாக இருக்கவில்லை.

(பூக்கோவைப் படித்த எம்மவர்க்கு ஒரு குறிப்பு. சிறை பற்றிய அவரது நூலில் எல்லாவற்றையும் காணும் கோபுரம் பற்றிய அத்தியாயம், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் வந்த ஒரு நகரத்தை எப்படி அடைத்துப் பூட்டி வீடுவீடாய் எண்ணினார்கள் என்பதோடு தொடங்குகிறது. நாம் அதைப் பலமுறை மேற்கோள் காட்டிவிட்டோம். கோபுரம் எல்லாவற்றையும் காணும் என்பது மட்டும் சரியாகப் படவில்லை எனக்கு. நாளுக்குப் பலமுறை தலை எண்ணும் ஓர் இடத்தில் காய்ச்சல் எண்ணப்படாமலே போகிறது.)

அமெரிக்கச் சட்டம் கைதியை உரிமையாளனாக ஏற்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 1976இல் ரெக்சாஸ் கைதி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்பாட்டை வகுத்தது. கைதியின் பாரதூரமான மருத்துவத் தேவைகளைத் தெரிந்துகொண்டே அசட்டை செய்வது, கொடூரமான தண்டனையைத் தடைசெய்யும் எட்டாம் திருத்தத்தை மீறுவதாகும் என்பதே அது. கொள்கை அழகாகத்தான் இருந்தது. கலிபோர்ணியாச் சிறைகளோ நிரம்பி வழிந்தன. ஆறேழு நாட்களுக்கு ஒரு கைதி தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால் இறக்கிறார் என்று 2005இல் சமஷ்டி நீதிமன்றமே கண்டு, சிறை வைத்தியத்தை மாநிலத்தின் கையிலிருந்து பிடுங்கித் தான் நியமித்த ஒருவரிடம் ஒப்படைத்தது. கைதிகளின் தொகையைச் சிறைகளின் கொள்ளளவில் 137.5 வீதத்துக்குக் குறைக்கும்படி 2011இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. கவனிக்க: நூறு பேருக்குக் கட்டிய இடத்தில் நூற்று முப்பத்தேழு பேரை வைத்திருக்கலாம் என்பதே இங்கு சீர்திருத்தம்.

இனி 2020. மே மாத முடிவில் சான் குவென்ரினில் கைதிகளிடையே உறுதிசெய்யப்பட்ட ஒரு கொரோனாத் தொற்றும் இல்லை. தெற்கே லொஸ் ஏஞ்சல்சுக்கு அருகிலுள்ள சீனோ சிறையிலோ நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்றியிருந்தது; சாவுகளும் நிகழ்ந்திருந்தன. அங்கிருந்த முதியவர்களையும் நீண்டகால நோயாளிகளையும் காப்பாற்ற வேண்டும் என்ற நெருக்குதல் அதிகாரிகளுக்கு இருந்தது. காப்பாற்றுவதற்கு அவர்கள் கண்ட வழி இடமாற்றம். மே 30ஆம் திகதி 122 பேர் சான் குவென்ரினில் கொண்டுவந்து இறக்கப்பட்டனர்.

இவர்களுள் பெரும்பாலோருக்குக் கடைசியாகப் பரிசோதனை செய்து இரு வாரங்களுக்கு மேலாகியிருந்தது. மறுபடியும் பரிசோதிக்க வேண்டாமா என்று சிறை வைத்தியப் பிரிவிலிருந்தே கேள்வி எழுந்ததும், வேண்டாம் என்று மேலிடம் பதில் எழுதியதும் மாநிலத்தின் தலைமைப் பரிசோதகர் 2021 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் வெளிவந்தன. பேருந்துகளில் இடைவெளி விடும் விதியும் காற்றில் விடப்பட்டது. வந்து இறங்கியபோதே சிலருக்கு நோய்க்குறி இருந்தது. அப்படியிருந்தும் வந்தவர்களைப் போட்டது அடைத்த கதவுகள் இல்லாத, கம்பிகள் மட்டுமே கொண்ட மாடிக் கூடுகளில். ஒருவரின் இருமல் ஐந்து மாடிக்கும் பொதுவானது.

1918இல் தெற்கிலிருந்து ஒருவர். 2020இல் தெற்கிலிருந்து 122 பேர். இடையில் நூற்றிரண்டு ஆண்டுகள், அதே மதில்.

ஜூன் நடுப்பகுதியில் இரு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த வைத்தியர்களும் பொதுச் சுகாதார அறிஞர்களும் சிறையைப் பார்வையிட்டு ஓர் அவசரக் குறிப்பு எழுதினார்கள். கைதிகளின் தொகையை அரைவாசியாகக் குறையுங்கள் என்றது அக்குறிப்பு. ஒட்டிச் சாத்தப்பட்ட யன்னல்கள், ஓடாத காற்றாடிகள் என்று பட்டியல் போட்டது. இதில் என்னை மிகவும் உறுத்திய விடயம் ஒன்றுண்டு. நோயாளிகளைத் தனிமைப்படுத்த அங்கே கிடைத்த இடங்களில் ஒன்று தண்டனைத் தனிச்சிறைக் கட்டடம். தனக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அங்கே கொண்டுபோவார்கள் என்று கைதிகள் அஞ்சினார்கள். சொல்லாமல் இருப்பார்கள் என்று அறிஞர்கள் எச்சரித்தார்கள். மருந்துக்கும் தண்டனைக்கும் ஒரே அறை என்றான பிறகு நோயாளி எப்படி வாய் திறப்பான்?

ஆகஸ்ட் முடிவதற்குள் 2,200க்கு மேற்பட்ட கைதிகளுக்குத் தொற்றிவிட்டது. 28 கைதிகளும் ஒரு சிறை உத்தியோகத்தரும் இறந்தார்கள். மரணதண்டனைக் கைதிகளை வைத்திருந்த சிறையும் இதுவே. 1978இல் மரணதண்டனை மீளக் கொண்டுவரப்பட்டதிலிருந்து கலிபோர்ணியா நிறைவேற்றிய தண்டனைகள் மொத்தம் 13. 2019இல் மாநில ஆளுநர் அதனை நிறுத்திவைத்தார். அப்படி நிறுத்திவைக்கப்பட்ட ஒரே கோடையில் அந்த வரிசையிலிருந்து ஏறக்குறைய அதேயளவு பேரை நோய் கொண்டுபோனது.

நீதிமன்றம் என்ன செய்தது? 2020 ஒக்ரோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், இது தெரிந்துகொண்டே செய்த அசட்டை எனத் தீர்ப்பளித்து, தொகையை அரைவாசியாக்க உத்தரவிட்டது. டிசெம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதனைத் திருப்பி அனுப்பி, சாட்சியங்களை விசாரிக்கச் சொன்னது. கீழ் நீதிமன்றம் 2021இல் விசாரித்தது. உரிமை மீறப்பட்டது உண்மை என்றது. ஆனால் இப்போது தடுப்பூசி வந்துவிட்டது, ஆகவே பரிகாரம் ஏதும் அவசியமில்லை என்றும் சொன்னது. இதற்கிடையில் வேலைத்தலப் பாதுகாப்புத் திணைக்களம் சிறைக்கு நான்கு இலட்சம் டொலருக்கு மேல் அபராதம் விதித்தது. காவலாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் போதிய பாதுகாப்பு வழங்காமைக்காக! கைதியின் மூச்சு அத்திணைக்களத்தின் விடயமல்ல. இறந்த உத்தியோகத்தரின் குடும்பமும் ஒரு கைதியின் குடும்பமும் தொடுத்த வழக்குகளில் அதிகாரிகள் விலக்குரிமை கோர முடியாது என்று 2023இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் நான் கண்ட ஒரே வெளிச்சம்.

இதையெல்லாம் நாம் ஏன் பேசவேண்டும்? கலிபோர்ணியாவின் கதை கலிபோர்ணியாவோடு முடிவதல்ல என்பதால். சர்வதேச விதிகள் இருக்கின்றன. வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் உள்ளே உள்ளவருக்கும் உரியது என 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் கூறுகின்றன. 2020இல் பல அரசுகள் கதவைத் திறக்கவும் செய்தன. யாருக்குத் திறந்தார்கள் என்பதே பிரச்சினை. துருக்கி பல்லாயிரம் பேரை விடுவித்த சட்டத்தில் 'பயங்கரவாத' வழக்குகளில் உள்ளே இருந்த எழுத்தாளர்களையும் அரசியலாளர்களையும் விலக்கியது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் மார்ச்சிலேயே நெரிசலைக் குறைக்கும்படி பணித்திருந்தும், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி பாதிரியார் அதே ஆண்டு ஒக்ரோபரில் கைதானார். எண்பது கடந்த, நடுக்குவாத நோயுள்ள அவருக்கு உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காகவே நீதிமன்றத்திடம் போக நேர்ந்தது. 2021 ஜூலை 5இல், பிணை கிடைக்காமலே இறந்தார்.

இலங்கையில் 2020 மார்ச் 21ஆம் திகதி அநுராதபுரம் சிறையில் கொரோனா அச்சத்தில் கிளர்ந்த கைதிகள்மீது சூடு, இருவர் இறந்தனர். ஐந்து நாள் கழித்து, மார்ச் 26இல், சனாதிபதி ஒரு கைதிக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அவர் 2000 டிசெம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக 2015இல் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்னாயக்க. பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் உள்ளேயே இருந்தார்கள். இதை நாம் கண்டித்தோம், சரியாகவே.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 29 மகர சிறையில் நடந்ததைப் பற்றி எம்மிடம் எத்தனை துண்டுப்பிரசுரம் வந்தது? கொள்ளளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அடைக்கப்பட்டிருந்த சிறை. நோயாளரைப் பிரியுங்கள், எங்களுக்குப் பி.சி.ஆர். பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்டார்கள். 11 பேர் கொல்லப்பட்டார்கள்; நூறுக்கு மேல் காயம். மாத்திரை தின்றுவிட்டுத் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள் என்று அரசாங்கத் தரப்பில் கதை சொன்னார்கள். பிரேத பரிசோதனைகளோ சூட்டுக் காயங்களைச் சொல்லின.

வெலிக்கடை 1983 எங்கள் நினைவில் எரிகிறது, 53 பேர். பிந்துனுவெவ 2000; 27 பேர். அந்த நினைவு நியாயமானது. அதற்குப் பக்கத்தில் மகர ஏன் இடம்பெறவில்லை? இறந்தவர்கள் 'எங்கள்' கைதிகள் அல்லர் என்பதாலா? இலங்கைச் சிறைகளில் அரைவாசிக்கு மேற்பட்டோர் தீர்ப்பே இல்லாத விளக்கமறியல் கைதிகள். அவர்களில் பெருந்தொகையினர் கொஞ்சத் தூளோடு பிடிபட்ட ஏழைகள். 'அரசியல் கைதி' என்ற சொல்லை ஒரு சாதிப் பெயர்போல நாம் பாவிக்கத் தொடங்கிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். எமது இயக்கங்கள் நடத்திய சிறைகளைப் பற்றிப் பேசத் தயங்குவதும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. துணுக்காயில் கிடந்தவர்களின் காய்ச்சலும் வயிற்றோட்டமும் யாருடைய மனித உரிமைக் கணக்கில் எழுதப்பட்டன?

மகரவில் கைதிகள் கேட்டது பெரிய விடயமல்ல. புதிதாய் வருபவரால் நோய் வருகிறது, நோயாளியைப் பிரித்து வையுங்கள் என்பதுதான். சான் குவென்ரினின் 1919ஆம் ஆண்டுக் குறிப்பைப் படித்திராமலே அதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மறுநாள் காலை சிறை வாசலில் தாய்மாரும் மனைவிமாரும் நின்று, பட்டியலில் யாருடைய பெயர் இருக்கிறதென்று காவலாளிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.