லயம்: ஒரு சொல்லின் வரலாறு

சொற்கள் நாடு விட்டு நாடு செல்லுங்கால் உருவிலும் பொருளிலும் மாறுதல் அடைவது இயல்பு. மலையகத்தில் வழங்கும் ‘லயம்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இசை பயின்றோர்க்கு லயம் என்பது காலப் பிரமாணத்தை உணர்த்தும் வடசொல். கந்தப்பளைத் தோட்டங்களில் பிறந்தோர்க்கோ அது குடியிருப்பின் பெயர். இவ்விரண்டும் ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறானவை. பின்னையது ‘லைன்’ என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் திரிபு. ஆளிச்செடியைக் குறித்த இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த அது, நூல், கோடு, வரிசை எனப் பொருள் விரிந்தது. பிரித்தானிய இந்தியாவில் சிப்பாய்களின் வரிசைக் குடியிருப்புகளும் அப்பெயர் பெற்றன. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களிலும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர்க்கென எழுப்பப்பட்ட நீள்கட்டடங்களுக்கும் அதுவே பெயராயிற்று.

தமிழர் அதனை ‘லயன்’ என ஏற்று, மகர ஈறு தந்து ‘லயம்’ ஆக்கினர். மேட்டு லயம், பணிய லயம் என இடம் நோக்கிப் பெயரிட்டனர். உள்ளே ஒரு குடும்பத்துக்குரிய அறையைப் போர்த்துக்கீசச் சொல்லின் வழிவந்த ‘காம்பரா’வால் குறித்தனர்.

கந்தப்பளை பிறிதொரு ‘லைனை’யும் கண்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1904ஆம் ஆண்டளவில் நீண்ட சிறு புகையிரதப் பாதையே அது. 1940களில் அப்பாதை மறைந்தது. மக்கள் வாழ்ந்த லயமோ மறையவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினும், வேலையோடு பிணைந்த உறைவிடம் என்னும் பொருள் எளிதில் மாறவில்லை.

தமிழில் ‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்து, இல்லத்தையும் விடுதலையையும் ஒருங்கே உணர்த்துவது. ‘லயம்’ வரிசையை உணர்த்துமேயன்றி உரிமையை உணர்த்தாது. 2015இல் அமைந்த அமைச்சொன்றின் பெயரில் ‘புதிய கிராமங்கள்’ என்னும் தொடர் இடம்பெற்றதும், தனிவீட்டுக்கு 7 பேர்ச் காணி என்னும் திட்டம் எழுந்ததும் இவ்வேறுபாட்டை உணர்ந்தமையின் அறிகுறிகள். லயத்தில் வாழ்வோர் யாவரும் காணியுரிமையுடன் வீடு பெறும் நாளிலேயே அச்சொல் வரலாற்று வழக்காகும்; அதுவரை அது வாழ்க்கை வழக்கே.