ஆலை நகரத்தில் பிறந்த இசைத்தட்டு

மான்செஸ்டர் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. அகமதாபாத்தை இந்தியாவின் மான்செஸ்டர் என்றும், கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றும் வழங்கி வந்திருக்கிறோம். அந்த ஆங்கில நகரின் பஞ்சாலைகள் ஓய்ந்துவிட்ட காலத்தில் அங்கே எழுந்த இசையொன்றைப் பற்றி இங்குச் சிறிது சிந்திப்போம்.

1976-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் அந்நகரில் பாடினர். 'பங்க்' எனப்பட்ட அவ்விசைக்குத் தேர்ச்சியினும் துணிவே முதன்மையானது. அவையிலிருந்த பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக் என்னும் இளைஞர் இருவரும் தாமே ஒரு குழு அமைக்க முற்பட்டனர். பாடகராக இயன் கர்ட்டிஸும், டிரம்ஸ் வாசிக்க ஸ்டீபன் மாரிஸும் வந்து சேர, அது ஜாய் டிவிஷன் ஆயிற்று.

1979 ஏப்ரலில், அண்டை ஊராகிய ஸ்டாக்போர்ட்டில் அவர்களுடைய முதல் முழுநீள இசைத்தட்டு பதிவாயிற்று. மேடையில் முழங்கியவாறே தட்டிலும் முழங்க வேண்டுமென்பது குழுவினரின் விருப்பம். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டோ ஒவ்வோர் ஒலியையும் தனியே பிரித்து, எதிரொலி கூட்டி, இடையிடையே வெறுமையை நிறுத்தினார். ஜூனில் 'அன்னோன் பிளஷர்ஸ்' வெளிவந்தபோது சம்னருக்கும் ஹூக்குக்கும் மனநிறைவு இல்லை. ஆயினும், ஆளரவமற்ற கூடத்தில் தனிக்குரல் கேட்பது போன்ற அவ்வொலியே 'போஸ்ட்-பங்க்' இசையின் அடையாளங்களுள் ஒன்றாக நிலைத்தது. ஹூக்கின் பேஸ் கிதாரும் பின்னணியில் ஒதுங்காமல் முன்னின்று மெட்டிசைத்தது.

பீட்டர் சாவில் அமைத்த மேலுறையின் முகப்பில் குழுவின் பெயரோ தட்டின் பெயரோ இல்லை. 1967-இல் ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாகக் கண்ட துடிப்பு விண்மீனின் அலைக்கோடுகளே கரிய பரப்பில் வெண்மையாய் ஒளிர்ந்தன. இன்று அப்படம், அவ்விசையைக் கேளாதோர் சட்டைகளிலும் காணப்படுகிறது.

1980 மே 18 அன்று, 23 வயதே ஆகியிருந்த கர்ட்டிஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்னும் குழுவைத் தொடங்கினர். அன்று முதல் பலர் இத்தட்டை அம்மரணத்தின் முன்னறிவிப்பாகவே கேட்டு வருகின்றனர். அது நேர்மையான கேட்பு ஆகாது. வேலை தேடி அலுவலகம் வந்த, வலிப்பு நோயுற்ற ஒரு பெண்ணின் துயரத்தையும் கர்ட்டிஸ் இதில் பாடியுள்ளார். அங்கே நாம் கேட்பது பிறர் நோவறிந்த நெஞ்சம்.

2002-இல் நியூயார்க்கின் இன்டர்போல் குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, விமரிசகர்கள் ஜாய் டிவிஷனையே நினைவுகூர்ந்தனர். ஓர் இளைஞரின் சாவு அன்று, நான்கு இளைஞரின் உழைப்பும் ஒரு தயாரிப்பாளரின் பிடிவாதமுமே இத்தட்டை வாழ வைத்தன என்று நாம் கொள்வோமாக.