திறந்திருந்தும் எட்டாதவை

திருவரங்கம் கோயிலில் ஹொய்சாளர் காலத்தில் நீலகண்ட நாயக்கர் என்பவர் சரஸ்வதி பண்டாரம் ஒன்றை நிறுவி, சரஸ்வதி, வியாசர், ஹயக்கிரீவர் திருவுருவங்களையும் அங்கே எழுந்தருளச் செய்தார். இந்தச் செய்தியை நமக்குச் சொல்வது ஏடல்ல, கல்வெட்டு. அந்தக் கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. அவற்றை யாரும் பூட்டி வைக்கவில்லை. சேவிக்க வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைக் கடந்துதான் போனார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுக்கத் தொடங்கிய பிறகே அவை வரலாற்றுக்குச் சான்றாயின. படித்து, காலம் கணித்து, எண்ணிட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக அச்சிட்டு முடிக்க 1982 ஆகிவிட்டது. பார்வைக்கு வைப்பதற்கும் பயனுக்குத் திறப்பதற்கும் இடையே அத்தனை உழைப்பு இருக்கிறது.

ஆய்வேடுகளின் கதையும் இதுவே. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே 1982இல்தான். அந்நாளில் முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் நூலகத்தில் ஒரு கட்டுப்படி, நெறியாளரின் அலமாரியில் ஒன்று, அவ்வளவே. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே ஆய்வுக் கட்டுரைகளுக்குத் திறந்த மின்களஞ்சியம் கண்டுவிட்டது. மற்றவர்களை அசைத்தது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதி: பட்டம் அறிவித்த 30 நாட்களுக்குள் மின்படியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்படி மின்படிகள் சேர்ந்த தேசியக் களஞ்சியமான ஷோத்கங்காவில் இன்று 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. திறந்து வைத்தால் திருடிவிடுவார்களே என்பது பேராசிரியர்களின் பழைய கவலை. அலமாரியில் கிடந்த ஏட்டைத் திருடியவனைத்தான் பிடிக்க வழியே இருந்ததில்லை. ஒப்பிட மூலம் கையில் இருந்தால்தான் களவு வெளிப்படும். பதிப்பாளர்கள் நூலாக்க மறுப்பார்கள் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்குச் சில காலம் முழுப்பாடத்தை நிறுத்திவைக்கலாம். தலைப்பையும் சுருக்கத்தையும் மறைக்கத் தேவையில்லை. ஏற்றிவிட்டோமே, இனி என்ன வேலை என்று கேட்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. தமிழ் ஆய்வேடுகள் பல வெறும் படங்களாக வருடப்பட்டிருக்கின்றன. சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. தேடுபொறி அவற்றுக்குள் ஒரு சொல்லையும் காணாது. ஸ்ரீரங்கம் என்று பதிந்தது திருவரங்கம் என்று தேடுபவருக்கு அகப்படுவதில்லை. இவையும் மைப்படி எடுக்காத கல்வெட்டுகளே. ஒவ்வொரு தமிழ் ஆய்வேட்டுக்கும் தமிழிலேயே தலைப்பும் பொருட்சொற்களும் பதிய, தமிழறிந்த நூலகர்களைப் பல்கலைக்கழகங்கள் பணியமர்த்த வேண்டும்.