நீரிலிருந்து ஹைட்ரஜன்: ஒரு வெள்ளைப் பொடியின் வரலாறு

பாலக்கோடு பக்கம் தக்காளிக்கும் கரும்புக்கும் போடுகிற யூரியாவுக்குள் ஹைட்ரஜன் இருக்கிறது. யூரியா அம்மோனியாவிலிருந்து வருகிறது, அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். இந்தியாவில் அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள். எரிவாயு விலை ஏறினால் உர மானியச் சுமையும் ஏறும். கூடவே கரியமில வாயுவும் வெளியேறும்.

வெயிலும் தண்ணீரும் மட்டும் போதாதா? இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல்!

1967-ல் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர் அகிரா புஜிஷிமா, தண்ணீரில் வைத்த டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின் மீது ஒளியைப் பாய்ச்சினார். அதில் ஆக்சிஜன் குமிழ்கள் வந்தன. மறுமுனையில் இருந்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் வந்தது. அவரும் அவருடைய ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972-ல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. உலகமே இந்தப் பக்கம் திரும்பியது.

டைட்டானியம் டை ஆக்சைடு அபூர்வப் பொருள் அல்ல. பெயிண்ட்டுக்கு வெண்மை தருவது அதுதான். அதன் மூலப்பொருளான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது.

பிறகு என்ன தடை? இந்த வெள்ளைப் பொடி புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். வெயிலில் அது ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி எல்லாம் வீண்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் மாசூட்டல். படிகத்துக்குள் வேறொரு தனிமத்தைச் சிறிதளவு கலப்பது. 2001-ல் ஜப்பானின் அசாஹி குழு நைட்ரஜனைக் கலந்தது. பொடி மஞ்சளாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்தியது. ஆனால் அந்த ஆய்வு காட்டியது மாசுப்பொருளைச் சிதைப்பதை. நீரைப் பிரிப்பது அதைவிடக் கடினம்.

துகளை நானோ அளவுக்குக் குறைப்பது இன்னொரு வழி. ஒளி பட்டுக் கிளம்பும் எலக்ட்ரான், தான் விட்டு வந்த காலியிடத்தோடு மீண்டும் சேர்ந்துவிட்டால் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். துகள் சிறியதானால் எலக்ட்ரான் சீக்கிரம் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஆனால் கலந்த தனிமம் அதிகமானால் அதுவே எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் குழியாகி விடுகிறது. அளவு முக்கியம்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தேடல் நடந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பி. விஸ்வநாதன் இத்தகைய ஒளிவினையூக்கிகளை நெடுங்காலம் ஆராய்ந்தார். பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் குழுவும் இதில் உழைத்தது.

2020-ல் கசுனாரி டோமென் குழு, அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் 96 சதவீதம் வரை குவாண்டம் திறன் கண்டது. கேட்கப் பிரமாதம்தான். ஆனால் அது புற ஊதா ஒளியில் மட்டும். அதே வகைப் பொடியைக் கொண்டு 100 சதுர மீட்டரில் வெயிலில் தகடுகளை அமைத்தார்கள். 2021-ல் வெளியான முடிவு: சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம். தொழிலுக்குக் கட்டுப்படியாக 5 முதல் 10 சதவீதமாவது வேண்டும் என்கிறார்கள்.

2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. அதில் பெரும்பங்கு மின்னாற்பகுப்பை நம்பியே இருக்கிறது. சோலார் பேனல் தரும் மின்சாரத்தால் நீரைப் பிரிப்பது இன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. பொடியோ இன்னும் ஆய்வகத்தை விட்டு முழுதாக வெளியே வரவில்லை.

ஆனாலும் தேடல் நிற்கவில்லை. மின்கம்பியோ விலை உயர்ந்த கருவியோ இல்லாமல், வெயிலில் வைத்த தகட்டிலிருந்தே உரத்துக்கு ஹைட்ரஜன் கிடைத்தால், அதிகம் பயன்பெறப் போவது பாலக்கோடு போன்ற வெயில் ஊர்களின் விவசாயிகள்தான்.