தஞ்சை நஞ்சையும் தழையெருவும்

தஞ்சை நாட்டின் நெல்வளத்துக்குக் காவிரி நீரே காரணமென்று நாம் பெருமையாகச் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மையேயாம். நீரோடு வந்த வண்டலும், நம் முன்னோர் ஆண்டுதோறும் மிதித்துச் சேற்றில் அழுத்திய தழையுமே மற்றப் பாதி. உழுதலினும் எருவிடுதல் நன்றென வள்ளுவனார் வகுத்த முறையும் அதுவன்றோ?

1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிவுற்றது. பாசனம் நிலைபெற்றது, வெள்ளச் சேதமும் குறைந்தது. அந்நன்மையை மறத்தல் தகாது. ஆயினும் முன்பு செந்நீராய் வந்து வயலிற் படிந்த வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கலாயிற்று. நதி கொடுப்பது குறைந்தால் மனிதன் கொடுப்பது மிகவேண்டும். நடந்ததோ வேறு. 1960-க்குப் பின், தீவிர விவசாயத் திட்டத்தின் வழியாக இரசாயன உரம் ஊர்தோறும் பரவிற்று. ஆடுதுறை 27 முதலிய குறுகிய கால நெல்வகைகளும் வந்தன. விளைச்சல் உயர்ந்தது மெய். உணவுப் பஞ்சம் வாட்டிய அக்காலத்தில் அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் உரமூட்டை பயிருக்கு உணவாகுமேயன்றி, மண்ணில் மக்கைச் சேர்ப்பதில்லை. மக்கின்றி மண்ணிலுள்ள புழுவும் நுண்ணுயிரும் எதனை உண்டு வாழும்?

எந்தத் தழை எந்த நிலத்துக்கு என்பதை நம் பாட்டனார் கணக்கறிந்து செய்தனர். கொழிஞ்சி வறட்சி தாங்கும். மாடும் அதனை விரும்பி மேயாது. ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதையே மறு ஆண்டும் முளைக்கும். ஆனால் தேங்கும் நீரை அது பொறாது. நீர் தேங்கும் பள்ளக்காலுக்கும் உவர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டே உரியது. ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 நாள் அளவில், மடக்கி உழவேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகி எளிதில் மக்காது. சணப்பு விரைந்து வளரும். வடிகாலுள்ள மேட்டு வயலுக்கே ஏற்றது. வரப்பில் வேம்பும் புங்கும் நின்றால் வெட்டுந்தழைக்குக் குறைவில்லை.

புண்ணாக்கிலும் விவேகம் வேண்டும். கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு அளித்துச் சாணத்தை நிலத்துக்கு இடுதல் இருமடங்கு லாபம். ஆமணக்குப் புண்ணாக்கோ நஞ்சாதலின் நேரே நிலத்துக்கே உரியது. 1893-ல் இந்திய விவசாயம் குறித்து அறிக்கை வெளியிட்ட வோல்க்கர் என்னும் இரசாயன நிபுணர், எண்ணெய் வித்துக்களை முழுதாகக் கப்பலேற்றுவது நிலத்தின் சாரத்தையே ஏற்றுமதி செய்வதாகும் என்று எச்சரித்தார். நமது செக்கடிகளும் மறைந்த இந்நாளில் அவ்வெச்சரிக்கை முன்னிலும் பொருந்துகின்றது.

தஞ்சை ஜில்லாவிற் பிறந்த நம்மாழ்வார் 2013-ல் மறையுமட்டும் ஊர் ஊராய் நடந்து உரைத்ததும் இதுவே. 2024-ல் மண்வளம் காக்கும் அரசாங்கத் திட்டமொன்றும் பசுந்தாள் விதைகளை மானியத்தில் அளிக்கத் தொடங்கிற்று. ஆகவே விதைக்குக் குறைவென்று நாம் சொல்வதற்கில்லை.

குறை நம்மிடத்திலேயே உளது. நம் குடும்பங்களுட் பல நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பட்டணத்தில் வாழ்கின்றன. வரும் ஆண்டு தம் கையில் இராத நிலத்துக்குக் குத்தகைதாரர் தழை விதைப்பதெங்ஙனம்? மண் வளர ஆண்டுகள் வேண்டும். குத்தகையோ ஒரு போகத்துக்கு. ஆதலின், சகோதரர்களே, குத்தகையைச் சில ஆண்டுகளுக்கு உறுதி செய்யுங்கள். தழை விதையின் விலையில் பாதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பின் வெறுமையாய்க் கிடக்கும் வயலைப் பார்த்து, அடுத்த மழைக்கு முன் ஒரு மரக்கால் கொழிஞ்சியேனும் விதைப்போமாக. பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்வது பட்டாவை மட்டுமன்று, அதனுள் அடங்கிய மண்ணையும் என்பதை மறவாதிருப்போம்.