ட்ரையர் சூடாகலேன்னா யாருக்கு நட்டம்? தேயிலையின் தண்ணீர்க் கணக்கு

தலவாக்கலையில் தேயிலை வரலாறுன்னு பேச்செடுத்தா ஜேம்ஸ் டெய்லர், 1867, லூல்கந்துர என்று ஆரம்பிக்கும். பிறகு கங்காணி, லயம், சம்பளப் போராட்டம் என்று வரும். எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனா ஸ்டோருக்குள்ள நிற்கிற ட்ரையரைப் பற்றி யாரும் அதிகம் பேசுறதில்ல. அந்த இயந்திரத்தின் வழியா பார்த்தா நம்ம வரலாறு கொஞ்சம் வேற மாதிரித் தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். தயாரான தேயிலையில் 3 வீதம் அளவில்தான் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ கொழுந்து வேணும். அதாவது, ஸ்டோரின் பெரும்பாலான வேலை தண்ணீரை வெளியேற்றுறதுதான்.

கோப்பிக்காலத்தில் இதுக்கு வெயில் போதும். கொட்டையைத் தளத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. தேயிலைக்கு வெயிலை நம்ப முடியாது. உருட்டின கொழுந்து நிறம் மாறி, மணம் ஏறி வரும்போது சரியான நேரத்தில் சூடு காட்டி அதை நிறுத்த வேணும். டெய்லர் தன் பங்களா விறாந்தையிலேயே மேசையில் கையால் உருட்டவைத்து, களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித்தட்டு வைத்துக் காயவைத்தார். டெய்லரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கு. அந்த அடுப்புகளுக்கு முன்னால் வெந்த கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள் இல்லை.

கரி அடுப்பை மாற்றினவர்களில் முக்கியமானவர் சாமுவேல் டேவிட்சன். அயர்லாந்தின் பெல்பாஸ்ட்காரர். 1864இல் அசாம் பக்கம் கச்சார் தோட்டத்துக்கு வந்தவர். 1870களில் சூடான காற்றால் தேயிலையைக் காயவைக்கும் இயந்திரத்தை உருவாக்கி, 1881இல் பெல்பாஸ்டில் தொழிற்சாலை தொடங்கினார். சஹாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரையே அதுக்கு வைத்தார்: சிரோக்கோ.

அடிப்படை யோசனை இன்றைக்கும் அதேதான். உலையில் விறகு எரியும். அந்தச் சூட்டில் இரும்புக் குழாய்கள் சூடேறும். விசிறி காற்றை இழுத்துக் குழாய்களைச் சுற்றி ஓடவிடும். காற்று 90, 100 பாகை செல்சியஸ் அளவில் தட்டுகளுக்குப் போகும். புகை தனி வழியா புகைபோக்கிக்குப் போயிரும்.

சூடு ஏறலேன்னா ஒழுங்கா ஒவ்வொன்றா பார்க்க வேணும். விறகு ஈரமா? சாம்பல் அடைச்சிருக்கா? குழாயில் கரி படிஞ்சிருக்கா? விசிறிப் பட்டி வழுக்குதா? எங்காவது ஓட்டை வழியா குளிர்காற்று புகுதா? எல்லாம் சரின்னா, தட்டில் கொழுந்தைத் தடிப்பா போட்டுட்டாங்களா, அல்லது வாட்டல் போதாமல் வந்திருக்கா? சூடு குறைஞ்சா கொழுந்து காயாமல் அவிஞ்சு போகும். சூடு கூடினால் மேல்பக்கம் மட்டும் இறுகி, உள்ளே ஈரம் நிற்கும். இதையெல்லாம் மணத்திலேயே பிடிக்கிற தொழிலாளர்கள் ஸ்டோர்களில் இருந்தார்கள், இருக்கிறார்கள். இயந்திரம் பிசகாமல் ஓட ரோதமுனியைக் கும்பிட்டதும் அவர்கள்தான்.

குழாய் வெடிச்சா இன்னொரு பிரச்சினை. புகை தேயிலையில் கலந்தால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். அதனால உடனே திருத்துவாங்க. மலையில் ஆனி, ஆடி மழையில் லயத்து உடுப்பு எப்படிக் காயுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அடுப்புக்கு மேல கொடி கட்டித்தான். பள்ளிக்கூடத்துச் சட்டையில் புகை மணக்கும். அதுக்கு விலை குறைக்க யாரும் இல்ல, அதனால திருத்தவும் யாரும் இல்ல. புகையையும் சூட்டையும் பிரிக்கிற தொழில்நுட்பம் ஸ்டோருக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாச்சு. லயத்துக்கு இன்னும் ஏறி வரல.

2022 நெருக்கடி இன்னொன்றைக் காட்டியது. நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, டீசல் வரிசை. உலையில் விறகு இருந்தும் விசிறி சுற்றாட்டி ட்ரையருக்குச் சூடு போகாது. தலவாக்கலை அணைக்கட்டில் தடுத்த தண்ணீரில் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையம் ஓடுற ஊர் இது.

இனி அந்தத் தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். மழை நாளில் படங்கு கட்டிக்கொண்டு பறிக்கிற கொழுந்தில், இலைக்குள் இருக்கிற தண்ணீரோடு வெளியே ஒட்டின மழைத்தண்ணீரும் சேரும். அதைப் போக்க வாட்டலுக்கு நேரம் கூடும், விறகும் கூடும். இந்தச் செலவை நிறுவையிலேயே கழிச்சிடுறாங்க. பல தோட்டங்களில் "தண்ணிக்கு" என்று இத்தனை கிலோன்னு வெட்டுறது பழைய வழக்கம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகும், பல இடங்களில் முழுப் பேர் விழுறது கிலோவைப் பொறுத்துத்தான். வெட்டின இரண்டு கிலோ ஒருவருடைய பேரை அரைப் பேராக்கிவிடலாம்.

1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம்ம தலவாக்கலை சென்ட் கூம்ஸில்தான் இருக்கு. தேயிலையில் 3 வீத ஈரத்தை அளக்கக் கருவி இருக்கு. ட்ரையருக்கு வெப்பமானி இருக்கு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் மட்டும் தண்ணீரைக் கண்ணால் மதிப்பிடுறாங்க. அங்கேயும் ஒரு அளவுகருவி வைக்கச் சொல்லிக் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்ல. நம்ம தலைமுறை கேட்கக்கூடிய, பதில் சொல்லித்தான் ஆகவேண்டிய ஒரு கேள்வி.